ஆறாவது ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை

கம்பைநல்லூரிலிருந்து அரூர் போகிற சாலையில் இருந்த உலோக மாசு உயிரியல் ஆய்வுத் துணை நிலையத்தில், எண்பத்தேழாம் வருஷம் மொத்தம் ஆறு ஊழியர்கள். அதில் ஐந்து பேர் கண்ணுக்குத் தெரிவார்கள். தினமும் தெரிவார்கள் என்று நான் சொல்லவில்லை. இயக்குநர் டாக்டர் ராஜப்பன் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை தெரிவார். டிரைவர் மாது, நிலையத்துக்கு இன்னும் ஜீப் ஒதுக்கப்படாததால், ஜீப் வந்துவிட்டதா என்று பார்க்கத் திங்கட்கிழமைகளில் மட்டும் தெரிவார். விஞ்ஞானி ராஜாமணி அம்மையாரும் கண்காணிப்பாளர் கருப்பண்ணனும் வேலை நாட்களில் தெரிவார்கள். எல்லா நாளும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகும்கூட, அங்கே தெரிகிற ஒரே ஆள் ஆய்வக உதவியாளன் செபாஸ்டின். அவனுக்குப் போக வேறு இடம் இல்லை.

ஆறாவது ஊழியர் ஒரு கிருமி.

சிரிக்க வேண்டாம். அதற்குப் பணிப் பதிவேடு உண்டு. சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் மணிக்கும் முலாம் பூசுகிற கம்பெனி ஒன்று அந்தப் பக்கம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பளபளப்பான மணியெல்லாம் வெளியூர் போயிற்று. மஞ்சள் தண்ணீர் மட்டும் உள்ளூரிலேயே தங்கிவிட்டது. முதலில் ஓடை மஞ்சளாயிற்று, பிறகு கிணறுகள். அந்த மஞ்சளுக்குப் பெயர் குரோமியம், அது தோலையும் குடலையும் அரிக்கும் என்று படித்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்னபோது, அதை ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. கம்பெனியை என்ன செய்வது என்பதை நிலையம் முடிவு செய்யும் என்றும் முடிவு செய்தது.

ராஜாமணி அம்மையார் கெட்டிக்காரி. அந்த ஓடைச் சேற்றிலேயே சாகாமல் பிழைத்துக் கிடந்த ஒரு கிருமியைப் பிடித்தார். வேறொரு கிருமியின் மரபணுவில் ஒரு துண்டை வெட்டி இதற்குள் ஒட்டவைத்தார். அப்படிப் பிறந்ததற்கு இரண்டு வேலை தெரியும். தண்ணீரில் குரோமியம் இருந்தால் நீலமாக மாறிக் காட்டிக்கொடுக்கும். விட்டுவைத்தால், மஞ்சள் நஞ்சைக் கெடுதல் இல்லாத வண்டலாக மாற்றி அடியில் படியவைத்துவிடும். இந்த இரண்டையும் செய்ய அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம் அதுதான்.

பதிவேடு வந்தது மின்சாரத்தால். கிருமி வளர்கிற வெப்பப் பெட்டி இராப்பகலாக ஓட வேண்டும். இராப்பகலாகப் பணியாளர் இல்லாத அலுவலகத்தில் இராப்பகலாக மின்சாரம் செலவழிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. கருப்பண்ணன் ஒரு வாரம் யோசித்தார். பிறகு கிருமியையே முழுநேரப் பணியாளராகப் பதிவு செய்துவிட்டார். சொந்த ஊர்: கம்பைநல்லூர் ஓடை. பிறந்த தேதி: தொடர்ந்து பிறந்துகொண்டிருக்கிறது. அங்க அடையாளங்கள் இரண்டு: கண்ணுக்குத் தெரியாது, நீலமாகும்போது தெரியும். உடல்தகுதிச் சான்று கேட்டபோது அரசு மருத்துவர் வழக்கம்போல, "தொற்றுக் கிருமி எதுவும் இவரிடம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காப்பாளர் என்ற இடத்தில் செபாஸ்டினின் பெயர் ஏறிற்று.

அவன் அதற்கு நல்ல காப்பாளனாகத்தான் இருந்தான். வாரம் ஒருமுறை பழைய தட்டிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்றுவான். சூப்புப் போன்ற ஒரு சாறு காய்ச்சி ஊற்றுவான். ஊற்றும்போது பேசுவான். "இன்னைக்கு வெயிலு ஜாஸ்திங்க," என்பான். "சின்னது கடுதாசி போட்டிருக்குதுங்க. எழுத்து நல்லா வருது." கிருமியைப் பன்மையில் பேசுவது மரியாதைக்காகவா, எண்ணிக்கைக்காகவா என்று அவனுக்கே தெரியாது. பேசுவதற்கு வேறு யாரும் இல்லை என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சின்னது என்றால் அவன் மகள் அருள்மேரி. ஏழு வயது. அவளும் அவள் அம்மா ராஜமேரியும் பாப்பாரப்பட்டியில் ராஜமேரியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு இரண்டு வயல் தள்ளி இருந்தது செபாஸ்டினின் கிணறு. தண்ணீர் மஞ்சளான வருஷம் குழந்தைக்குக் காலெல்லாம் புண். குடிக்க இரண்டு குடம் சைக்கிளில் வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, குழந்தை அளைந்து விளையாட எல்லாம் சைக்கிளில் வராது. ராஜமேரி அண்ணன் வீட்டுக்குப் போனாள். நல்ல மழை பெய்த ஒரு கார்த்திகையில் கிணறு தெளிந்ததுபோல் தெரிந்தது. செபாஸ்டின் ஆசையோடு போய்க் கூட்டிவந்தான். பத்தாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தருமபுரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து பிழைத்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ராஜமேரி சொல்லிவிட்டாள். "உங்க மேல கோவம் இல்லீங்க. ஆனா உங்க கண்ண நம்பி நான் மறுக்கா வர மாட்டன். தண்ணி நல்லா இருக்குதுன்னு கெவர்மெண்டு காயிதம் வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு வந்துடறன்."

அது நடந்து இரண்டு வருஷம். செபாஸ்டின் ஒருநாள் களி கிண்டினால் இரண்டு நாள் சாப்பிடுவான். கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, பெண்கள் பக்கம் தூணோரத்தைப் பார்ப்பான். அவள் உட்காருகிற இடம் அது. இப்போது யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பூசை முடிந்ததும், "வூட்ல இன்னும் வரலீங்களா?" என்று கேட்பார்கள். "அடுத்த மாசம்" என்று சொல்லுவான். எந்த மாசமும் அதைத்தான் சொல்லுவான். அதனால் கோயிலை விட்டு முதல் ஆளாகக் கிளம்பப் பழகிக்கொண்டான். நிலையத்தில் உதவியாளன் வேலைக்கு ஆள் எடுத்தபோது அவன் ஓடிப்போய் மனுப் போட்டதற்குக் காரணமும் அந்தக் காகிதம்தான். காகிதம் தருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று நினைத்தான். பாவம்.

நம்பிக்கைக்கும் காரணம் இருந்தது. ஒருநாள் ராஜாமணி அம்மையார் அவன் கிணற்றுத் தண்ணீரைப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி, அதில் கிருமியைக் கலந்துவைத்தார். செபாஸ்டின் தினமும் பார்த்தான். ஒன்பதாம் நாள் தண்ணீருக்குப் பின்னால் இருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. அவன் ஜாடி முன்னால் வெகுநேரம் நின்றான். அழவும் செய்தான். அம்மையார் பார்க்காததுபோல் வெளியே போய்விட்டார்.

"கிணத்துலயே ஊத்திடலாமாங்க மேடம்?"

"ஊத்தலாம், செபாஸ்டின். ஆனா உருவாக்கின கிருமிய வெளியில விடறதுக்குப் பர்மிஷன் வேணும். அது நல்ல ரூல்தான். எழுதிப் போட்டிருக்கேன்."

எழுதிப் போட்டதற்கு ஐந்து மாதம் கழித்துச் சென்னையிலிருந்து பதில் வந்தது. ஆய்வகத்துக்கு வெளியே கிருமியைப் பயன்படுத்த இயலாது. ஆகவே கிணற்றை ஆய்வகத்துக்குள் கொண்டுவர ஆவன செய்க. கருப்பண்ணன் அதை மூன்று தடவை படித்துவிட்டு, "முடியாதுன்னு சொல்லல பாத்தியா," என்றார். கிணறு நாற்பது அடி ஆழம் என்று பதில் போனது. அப்படியானால் கிணற்றைச் சுற்றி ஆய்வகத்தைக் கொண்டுசெல்க என்று மறுபதில் வந்தது. மேலே தகரக் கூரை, சுற்றிலும் சுவர், ஒரு கதவு, கதவில் "ஆய்வகம் - 2, அன்னியர் உள்ளே வரக் கூடாது" என்று பலகை. செபாஸ்டினின் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இயக்குநர் சென்னைக்கு எடுத்துப்போனார். உள்ளே போக அவனுக்கு அனுமதிச் சீட்டு இல்லை. சரி, தண்ணீர்தான் ஆகாதே, உள்ளே போய் என்ன செய்வது என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அடுத்தது கிருமியை ஊற்ற வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதற்கு முன் ஆய்வகம் இரண்டைத் திறந்துவைக்க வேண்டும். திறப்பு விழா இல்லாமல் எந்த ஆய்வகமும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

விழாவுக்குச் சென்னையிலிருந்து துறைச் செயலாளர் வந்தார். கம்பெனி முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் ஐந்து கண்ணாடித் தட்டுகள். நான்கில் நான்கு வகைத் தண்ணீர்: தீர்த்தமலையில் பிடித்த தீர்த்தம், செபாஸ்டினின் கிணறு, ஓடை, கம்பெனி சுத்திகரித்து வெளியே விடுவதாகச் சொல்லும் தண்ணீர். ஐந்தாவது தட்டு உதிரி, அதில் கிருமி மட்டும். கிருமி நீலமாக மூன்று மணி நேரம் ஆகும். பேசுவதற்கு ஏழு பேர் இருந்ததால் நேரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

டாக்டர் ராஜப்பன் பேசினார். "இந்த வட்டாரத்தில் மாசு இருக்கிறது என்பதை நான் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். மாசு இல்லையென்றால் இந்த நிலையம் இல்லை. நிலையம் இல்லையென்றால் நான் இல்லை. சிலர் கேட்கிறார்கள், கம்பெனியை மூடினால் என்ன என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், மூடிவிட்டால் நாங்கள் எதை ஆராய்வது? இப்போது இருக்கிற மாசு இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்குப் போதுமானது என்று எங்கள் முதற்கட்ட ஆய்வு காட்டுகிறது." கைதட்டல் எழுந்தது. கம்பெனி முதலாளிதான் அதிகம் தட்டினார்.

செயலாளர் நகைச்சுவை உணர்வு உள்ளவர். "எல்லாம் முன்னாடியே செட்டப் செய்ததா இருக்கக் கூடாது பாருங்க," என்று தன் முன்னால் இருந்த டம்ளர் தண்ணீரில் கொஞ்சத்தை உதிரித் தட்டில் ஊற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். மிச்சத்தைக் குடித்தார். நிலையத்தின் சொந்தக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் அது. வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

ஆறாவது பேச்சாளர் பேசும்போது செபாஸ்டினின் கிணற்றுத் தட்டு நீலமாயிற்று. கைதட்டினார்கள். ஓடைத் தட்டு நீலமாயிற்று. மறுபடி தட்டினார்கள். கம்பெனித் தட்டு நீலமானபோது முன்வரிசையில் கைகள் நின்றன. ஏழாவது பேச்சாளர் நன்றி சொல்லத் தொடங்கும்போது செயலாளரின் டம்ளர்த் தட்டு, மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாக, நீலமாயிற்று. தீர்த்தமலைத் தட்டு மட்டும் வெள்ளையாகவே இருந்தது. செயலாளர் தன் வயிற்றில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். ஆய்வகம் இரண்டு அன்று திறக்கப்படவில்லை.

பதினோராம் நாள் மெமோ வந்தது. கிணறுகளுக்கு அல்ல, கம்பெனிக்கும் அல்ல. ஆறாவது ஊழியருக்கு. தமக்குத் தெரியவந்த தகவலை உரிய வழியில் மேலதிகாரிகளுக்கு அனுப்பாமல், பொதுமக்கள் முன்னிலையில் நேரடியாக நீலமானது குற்றச்சாட்டு ஒன்று. நிகழ்ச்சி நிரலில் இல்லாத மாதிரியிலும் நீலமானது குற்றச்சாட்டு இரண்டு. அதன்மூலம் துறைச் செயலாளரின் டம்ளருக்குக் களங்கம் விளைவித்தது குற்றச்சாட்டு மூன்று. விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் காப்பாளர் செபாஸ்டின் கையெழுத்திட்டான்.

ராஜாமணி அம்மையார் சென்னைக்கே போய்ச் சண்டை போட்டார். கிருமி பொய் சொல்லாது, அந்தக் குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று கத்தினாராம். அவருடைய திறமையைப் பாராட்டி மறுநாளே ஆறு மாதப் பயிற்சிக்கு ஹைதராபாத் அனுப்பினார்கள். கிருமியில் ஒரு குழாயாவது கூடக் கொண்டுபோகிறேன் என்று கேட்டார். பணியிடை நீக்கத்தில் இருப்பவர் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று விதி இருந்தது.

"வாரா வாரம் மாத்திருங்க, செபாஸ்டின். அத மட்டும் விட்டுடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். செபாஸ்டின் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றான். அவனைப் பெயர் சொல்லி விசாரிக்கிற ஒருவரும் போய்விட்டார்.

பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்குப் பாதிச் சம்பளம்தான், பிழைப்பூதியம் என்று அதற்குப் பெயர். கிருமிக்குச் சம்பளம் இல்லாததால் சாற்றைப் பாதியாகக் குறைக்கும்படி கருப்பண்ணன் எழுதிவைத்தார். பாதிச் சாற்றில் கிருமி மெலிந்தது. கலங்கலாக இருக்க வேண்டிய குழாய் தெளிவாகத் தெரிந்தது. செபாஸ்டினுக்கு மனசு கேட்கவில்லை. தன் கஞ்சியிலிருந்து இரண்டு சொட்டு வடித்து, கொதிக்கவைத்து, ஆற வைத்து ஊற்றினான். "பொறுத்துக்கங்க," என்றான். "எனக்கும் இதான்."

விசாரணை அதிகாரியாக மீன்வளத் துறையில் ஓய்வுபெற்ற ஒருவரைப் போட்டார்கள். தண்ணீரில் இருக்கிற உயிர் என்பதால் அவருக்குப் பொருத்தம் என்று கருதப்பட்டது. நிலையத்தின் முன்னறையில் மேசை போட்டு, ஒரு நாற்காலியில் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துவைத்தார்கள். பக்கத்தில் செபாஸ்டின் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே?"

"குழாய்க்குள்ள இருக்கறாருங்க ஐயா."

அதிகாரி நுண்ணோக்கியில் கண் வைத்து நிதானமாகப் பார்த்தார். "இதுல எந்த ஆள் நீலமானது?"

"எல்லாருந்தாங்க."

"எல்லாருமா? ஒரே நேரத்துலயா?" அதிகாரி நிமிர்ந்தார். "கூட்டாகச் சேர்ந்து செயல்பட்டிருக்கிறார்கள். எழுதிக்கங்க, குற்றச்சாட்டு நான்கு."

செபாஸ்டின் ஒரு அடி முன்னால் வந்தான். "ஐயா, ஒரு வார்த்தைங்க. தண்ணீல அது இருந்ததாலதாங்க நீலமாச்சு."

"தண்ணியில என்ன இருந்தது என்பது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது," என்றார் அதிகாரி, பொறுமையாக. "நான் முப்பத்திரண்டு வருஷம் மீன்வளத் துறையில் இருந்தவன். எத்தனையோ ஏரியில் மீன் செத்து மிதந்திருக்கிறது. ஒரு மீனாவது தானாக அறிக்கை கொடுத்ததுண்டா? முதலில் மீன் சாகும். அப்புறம் நாங்கள் போவோம். அப்புறம் இயற்கைக் காரணம் என்று எழுதுவோம். அதுதான் முறை." பேசிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மீன் கிடைக்குமா என்று கருப்பண்ணனிடம் விசாரித்தார்.

அன்று சாயங்காலம் கருப்பண்ணன் செபாஸ்டினைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அலுவலகத்தில் பெரும்பாலான கெடுதல் கெட்ட மனிதர்களால் நடப்பதில்லை.

"இங்க பாருப்பா. நானும் எத்தனயோ செவன்டீன் பி மெமோ, விசாரணையெல்லாம் பாத்துட்டன். எதுத்து நின்னவன் எவனும் கரை சேரல. ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டவனுக்கெல்லாம் ஒரு கண்டனம், அத்தோட சரி. மறுநாளே சீட்ல உக்காந்துருவான். நீ காப்பாளர், அதுக்காவ எழுதிக் குடு. வேலைக்குத் திரும்பி வந்துடும். வந்துட்டா உன் கெணத்து ஃபைல நானே கையில எடுத்துட்டு மெட்ராஸ் போறன். தை மாசம் உன் பொஞ்சாதி இங்க பொங்கல் வெக்கும்."

செபாஸ்டின் ஒருநாள் முழுக்க யோசித்தான். செய்யாத தப்பை ஒத்துக்கொள்வதா என்று உறுத்திற்று. ஆனால் கிருமிக்கு மானம் இல்லை, மரியாதை இல்லை, ஊரில் தலைகாட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மன்னிப்புக் கேட்டால் அதற்கு என்ன குறைந்துவிடும்? தை மாசம் என்ற சொல்தான் அவன் காதிலேயே நின்றது. கருப்பண்ணன் சொல்லச் சொல்ல எழுதினான்: நான் நீலமானது தவறு. அறியாமல் செய்துவிட்டேன். இனி மேலதிகாரிகளின் முன் அனுமதி இல்லாமல் நீலமாக மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். கீழே, ஆறாவது ஊழியருக்காக, செபாஸ்டின்.

எழுதிய அன்று அவன் வெப்பப் பெட்டியைத் திறந்து, "சும்மா பேருக்குதாங்க," என்று சமாதானம் சொன்னான்.

டிசம்பரில் ஆணை வந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டர் ராஜப்பனே வந்தார். தாம் நீலமானது தவறு என்று குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்டதால், அவர் நீலமென்று காட்டிய தண்ணீர் அனைத்தும் தூயது என்று தெளிவாகிறது. சம்பந்தப்பட்ட கிணற்று உரிமையாளர்களுக்குத் தூய்மைச் சான்று உடனே வழங்கப்பட வேண்டும். கம்பெனிக்கும் அவ்வாறே. தவறாகக் காட்டும் ஊழியர் இனி நம்பத்தக்கவர் அல்லர் என்பதால் கட்டாய ஓய்வு. ஓய்வுபெற்றவர் ஆய்வகத்துக்கு வெளியே வசிக்க விதியில் இடமில்லை. ஆகவே நூற்றிருபத்தொரு டிகிரி நீராவியில் ஓய்வு அளிக்கப்பட வேண்டும்.

கருப்பண்ணன் ஆணையை வாங்கி இன்னொரு தடவை படித்தார். "இப்பிடிப் பண்ணுவாங்கன்னு நெனைக்கலப்பா," என்று செபாஸ்டினின் பக்கம் பார்க்காமலே முணுமுணுத்தார்.

ஓய்வு என்றால் வழியனுப்பு விழா உண்டு. ஆய்வகத்தில் கிருமிகளைக் கொல்ல ஆட்டோகிளேவ் என்று ஒன்று இருக்கும், பெரிய பிரஷர் குக்கர்தான். அதற்கு மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். ஜீப் வராவிட்டாலும் டிரைவர் மாது வந்து கேசரி கொடுத்தார். டாக்டர் ராஜப்பன் உருக்கமாகப் பேசினார். "இவர் தம் குறுகிய பணிக்காலத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. குறை என்று சொன்னால் ஒன்றுதான். பார்த்ததைச் சொல்லிவிடுவார். அது மட்டும் இல்லாதிருந்தால் மிக உயர்ந்த இடத்துக்கு வந்திருப்பார். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள்." பிறகு எல்லோரும் குக்கரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

குழாய்கள் பதினொன்று. உள்ளே அடுக்க வேண்டியவன் செபாஸ்டின். ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். விரலளவுதான் இருந்தது. யாரும் அவனைப் பார்க்கவில்லை, கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றைச் சுற்றிய சுவர் ஏற முடியாத உயரமும் இல்லை, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஆள் நுழைய இடமும் இருந்தது. அவன் அந்தக் கடைசிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இயக்குநர், "என்னப்பா, ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சுங்க சார்," என்று சொல்லிவிட்டான். சொல்லிய பிறகு அதை உள்ளே வைத்துத்தானே ஆக வேண்டும். வைத்தான். மூடியைத் திருகினான். நீராவி வந்தது. அரைமணி நேரம் அவன் அங்கேயே நின்றான், மற்றவர்கள் போய்விட்டார்கள். தன்னைப் போல ஒரு கோழை இந்த ஜில்லாவில் இருக்க மாட்டான் என்று அவனுக்குத் தோன்றிற்று.

போகும்போது இயக்குநர் அவன் கையில் ஒரு உறையைக் கொடுத்திருந்தார். கோபுர முத்திரை, சிவப்பு அரக்கு, மூன்று கையெழுத்து. அவன் கிணற்றின் நீர் தூயது, எக்காலத்திலும் தூயதாகவே இருந்துவந்தது.

மறுநாள் பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினான். எதற்குப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. காகிதத்தைக் காட்டிக் கூட்டிவந்துவிடலாம் என்று ஒரு மனசு சொல்லிற்று. குடிக்கக் குடம் கொண்டுவரலாம், குழந்தையைக் கிணற்றுப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளலாம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் விளக்கு எரியும். தருமபுரியில் பஸ் மாறும்போது ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ராஜமேரி வாசலில் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாள். உள்ளே போனாள். தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அருள்மேரி ஓடிவந்து, "அப்பா, நான் புதுக் கவுனு போட்டுக்கட்டா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினாள். ராஜமேரி பெட்டியோடு வெளியே வந்தபோது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிரித்ததுபோலச் சிரித்தாள்.

"இப்பவே கெளம்பிட்டா மூணு மணி பஸ்ஸப் புடிச்சிரலாங்க."

"பொட்டிய எறக்கு, மேரி."

"என்னங்க?"

"தண்ணி மஞ்சளாத்தான் இருக்குது."

அவள் காகிதத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "முத்திர போட்டிருக்குதுங்களே. பொய்க் காயிதமா?"

"காயிதம் நெசந்தான். கெவர்மெண்டுதான் குடுத்துது. தண்ணி மாறல."

பெட்டி அவள் கையிலேயே இருந்தது. "அப்ப அந்தக் கிருமி? ஒம்போது நாள்ல தெளிஞ்சிச்சின்னு சொன்னீங்களே. எழுதி வாங்கிக் கெணத்துல ஊத்துங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கறம். இவ்ளோ நாள் இருந்தம், இருந்துக்கறம்."

"அது இல்ல, மேரி. நேத்து நாந்தான் வேக வெச்சன்."

"ஏன்?"

"வெக்கச் சொன்னாங்க."

தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. விசாரணை அறையில் நின்ற மாதிரியே, பெண்டாட்டி முன்னால், தலையைக் குனிந்துகொண்டு. கையைப் பிரித்தான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. அண்ணன் வீட்டார் முன்னால் நான்கு வார்த்தை உரக்கக் கேட்டிருந்தால், அவன் பிறகாவது அழுதிருப்பான். உள்ளேயிருந்து அருள்மேரி கவுனுக்குப் பித்தான் போட்டுவிடச் சொல்லிக் கூப்பிட்டாள். ராஜமேரி பெட்டியைச் சுவரோரமாக வைத்தாள். காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டு அவனிடமே கொடுத்தாள். பிறகு, அந்த வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளிகளிடம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. கை கழுவுங்க. சாப்ட்டுட்டுப் போங்க."